கதிர் என்று சொல்லுங்கள்



நான் மருத்துவன் இல்லை. தமிழாசிரியனும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்தவன். அதில் ஆறு ஆண்டுகள் புற்றுநோய்க்குச் சிகிச்சை கொடுக்கும் பிரிவில் இருந்தேன். இன்று நான் பேச வந்திருப்பது எந்திரங்களைப் பற்றி அன்று, சொற்களைப் பற்றி. எக்ஸ்ரே, ஸ்கேன், ரேடியேஷன் என்று நாள்தோறும் நம் காதில் விழுகிற சொற்கள் எங்கிருந்து வந்தன? அவை என்ன சொல்கின்றன? நாம் அவற்றை என்னவென்று புரிந்துகொள்கிறோம்? இந்த மூன்றுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் மனிதர்கள் விழுகிறார்கள். விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெரியம்மாவிலிருந்து தொடங்குகிறேன். நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவர். மார்பில் கட்டி. அறுவை முடிந்து தையல் ஆறியதும் எங்கள் பிரிவுக்கு அனுப்பினார்கள். சீட்டை வாங்கிப் பார்த்த நான், அங்கே எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். "ஒண்ணும் இல்ல பெரியம்மா, கரண்ட் வைக்கணும். இருபத்தஞ்சு தடவை. திங்கக்கிழமை வந்துடுங்க." தலையை ஆட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். அதற்குள் நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். மகன் சொன்னான்: "எங்கப்பா மோட்டார் கொட்டகையில கரண்ட் அடிச்சுத்தான் சார் செத்தாரு. அம்மா கண்ணு முன்னாடி. அவங்களுக்குப் போயி கரண்ட் வைக்கணும்னா, எப்படி சார் வருவாங்க?"

எப்படி வருவார்? நீங்களே சொல்லுங்கள். நானாக இருந்தால் வந்திருப்பேனா?

அன்பர்களே, கதிர் சிகிச்சையில் நோயாளியின் உடம்பில் மின்சாரம் படுவதே இல்லை. ஷாக் இல்லை. சிகிச்சை நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் வலியும் இல்லை. எந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது, உண்மைதான். டியூப்லைட்டும் மின்சாரத்தில்தான் எரிகிறது. அதன் வெளிச்சத்தில் நின்றால் ஷாக் அடிக்குமா? ஆனால் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்தச் சிகிச்சைக்குக் "கரண்ட் வைக்கிறது" என்பதுதான் பெயர். மனநல மருத்துவத்தில் வேறு ஒரு சிகிச்சை இருக்கிறது. அதில் உண்மையாகவே மின்சாரம் கொடுக்கிறார்கள். அதற்கும் அதே பெயர்தான். மக்களைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய எந்திரம், தடித்த கதவு, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. பார்த்ததற்கு ஏற்றபடி அவர்கள் பெயர் வைத்துக்கொண்டார்கள். சரியான பெயரைக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் கொடுக்கவில்லை. கரண்ட் என்றே சொன்ன வாய்களில் என் வாயும் ஒன்று. அதனால்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

சரி, இந்தத் துறையில் முதன்முதலாகப் பெயர் வைத்தவர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

1895ஆம் ஆண்டு, நவம்பர் 8. ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் என்ற ஊர். வில்ஹெல்ம் ரோன்ட்கன் என்ற ஐம்பது வயதுப் பேராசிரியர் இருட்டறையில் ஒரு வெற்றிடக் குழாய்க்குள் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் நன்றாக மூடியிருந்தார். ஒளி வெளியே வர வழியில்லை. ஆனாலும் தள்ளியிருந்த ஒரு திரை மினுங்கியது. அந்தத் திரையில் பேரியம் பிளாட்டினோ சயனைடு பூசியிருந்தது. குழாயிலிருந்து ஏதோ ஒன்று அட்டையைத் துளைத்து வருகிறது. அது என்ன? அவருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே பெயராக வைத்தார். கணக்கில் தெரியாத எண்ணுக்கு நாம் எக்ஸ் என்று வைப்பதில்லையா? அப்படித்தான் அது எக்ஸ் கதிர் ஆயிற்று. டிசம்பர் 22 அன்று தன் மனைவி ஆன்னா பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். எலும்புகளும் விரலில் கிடந்த மோதிரமும் தெரிந்தன. மறு மாதம், 1896 ஜனவரி 23 அன்று, அதே ஊரில் அவர் உரையாற்றி முடித்ததும், கோலிக்கர் என்ற மூத்த உடற்கூற்று அறிஞர் எழுந்து, இதற்கு ரோன்ட்கன் கதிர் என்று பெயரிடுவோம் என்றார். அவை ஆரவாரித்து ஏற்றது. இன்றும் ஜெர்மன் மொழியில் எக்ஸ்ரே எடுப்பதற்கான வினைச்சொல்லே ரோன்ட்கன்தான். ரோன்ட்கனோ தம் கட்டுரையில் எக்ஸ் என்றே எழுதினார். காப்புரிமையும் வாங்கவில்லை. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

தமிழில் இதற்கு என்ன பெயர்? ஒன்றல்ல, பல. பாடநூலில் எக்ஸ் கதிர். மருத்துவமனைப் பலகைகளில் சில இடங்களில் நுண்கதிர், சில இடங்களில் ஊடுகதிர். எனக்கு ஊடுகதிர் பிடிக்கும். ரோன்ட்கனுக்குத் தெரியாமல் போனதை அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. ஊடுருவிப் போகிற கதிர். தோலையும் தசையையும் எளிதாகக் கடந்து, எலும்பில் பெருமளவு தடைபட்டு நிற்கிற கதிர். ஆனால் எக்ஸ்ரே என்று சொல்கிற பாட்டியைத் திருத்த எனக்கு விருப்பமில்லை. எக்ஸ்ரே என்ற சொல் யாரையும் ஏமாற்றவில்லை. அது தமிழாகிவிட்டது. என் வழக்கு பிற மொழிச் சொல்லோடு இல்லை, தவறான பொருளைத் தருகிற சொல்லோடு.

அப்படித் தவறான பொருளைத் தருகிற ஒரு சொல்லை இப்போது எடுத்துக்கொள்கிறேன். அது கலப்பில்லாத தமிழ்ச் சொல்தான். கதிரியக்கம்.

கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு. இந்த ஒரு வேறுபாட்டை இன்று நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் போதும், நான் வந்த வேலை முடிந்தது. கதிர்வீச்சு என்றால் கதிர் வீசுதல். சூரியன் வீசுகிறது, விளக்கு வீசுகிறது, எக்ஸ்ரே குழாய் வீசுகிறது. கதிரியக்கம் என்பது சில அணுக்களின் குணம். யாரும் தூண்டாமல், யாரும் நிறுத்த முடியாமல், தாமே சிதைந்து கதிரை வெளிவிடும் குணம். 1896இல் பாரிசில் பெக்கரல் அதை யுரேனிய உப்பில் கண்டார். 1898இல் மேரி கியூரி அதற்குப் பெயர் வைத்தார்.

விளக்குக்கும் தணலுக்கும் உள்ள வேறுபாடு இது. விளக்குக்குப் பொத்தான் உண்டு. அணைத்தால் அணைந்தது. அறையில் ஒரு துளி வெளிச்சம் மிச்சம் இருக்காது. எக்ஸ்ரே எந்திரம் விளக்கு மாதிரி. படம் எடுத்து முடித்த மறுநொடி அந்த அறையில் கதிர் இல்லை, சுவரில் இல்லை, உங்கள் உடம்பில் இல்லை, படத்தில் இல்லை. தணல் அப்படியா? அதற்குப் பொத்தான் இல்லை. சாம்பல் மூடினாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். கோபால்ட் 60 என்ற தணலின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்தேகால் ஆண்டு ஆகும்.

தணலை விளக்கு என்று நினைத்தால் என்ன ஆகும்? 1987ஆம் ஆண்டு பிரேசிலில் கோயானியா என்ற நகரம். கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் கதிர் சிகிச்சை எந்திரம் ஒன்று கிடந்தது. பழைய இரும்பு என்று நினைத்துக் கழற்றிக்கொண்டு போனார்கள். காயலான் கடைக்கு வந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு தூள், இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று உறவினர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். அது சீசியம் 137. நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி.

பிரேசில் தொலைவில் இருக்கிறது என்கிறீர்களா? 2010இல் நம் டில்லியில், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் இதே கதை நடந்தது. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் பழைய கருவி கழிவுப் பொருளாக விற்கப்பட்டது. உள்ளே கோபால்ட் 60. பிரித்த தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். அதே சந்தையில் பழைய எக்ஸ்ரே எந்திரத்தைப் பிரித்திருந்தால் கதிரால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

இப்போது நம் மருத்துவமனைப் பலகைகளைப் பாருங்கள். எக்ஸ்ரே எடுக்கும் பிரிவின் வாசலில் பல இடங்களில் "கதிரியக்கவியல் துறை" என்று எழுதியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது? எக்ஸ்ரே குழாய் இருக்கிறது, விளக்கு. ஒலியால் பார்க்கும் கருவி இருக்கிறது. காந்தத்தால் பார்க்கும் கருவி இருக்கிறது. அங்கே கதிரியக்கம் எங்கே இருக்கிறது? பலகை பொய் சொல்கிறது. தெரிந்து சொல்லவில்லை, ஆனாலும் அது பொய்தான். அந்தப் பலகையைப் பார்த்த படித்தவர்கள்தான் "அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தால் உடம்பில் கதிரியக்கம் தங்கிவிடுமாமே" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

இதன் விளைவைக் கேளுங்கள். எந்திரத்தில் வெளியிலிருந்து கதிர் சிகிச்சை எடுத்துக்கொண்டவர் ஒருவர். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பேரப்பிள்ளை பக்கத்தில் போகக் கூடாது. தேவையே இல்லை. அந்த விளக்கு மருத்துவமனையிலேயே அணைந்துவிட்டது. அவர் பேரனைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம். இன்னொருவர் தைராய்டு புற்றுநோய்க்காக அயோடின் 131 என்ற மருந்தை விழுங்கியவர். அவர் உடம்புக்குள் உண்மையாகவே தணல் இருக்கிறது. எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் தணல். அவர்தான் மருத்துவர் சொல்கிற நாள்வரை குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியிருக்க வேண்டும். "எனக்கு என்ன, மாத்திரைதானே" என்று அவர் பேருந்தில் ஏறிவிடுகிறார். விலக வேண்டாதவரை விலக்கி வைக்கிறோம், விலக வேண்டியவரை விட்டுவிடுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இதுதான் நடக்கும்.

இங்கே ஒரு சிறு செய்தி. நம் ஊரில் வண்டி எண் பலகைக்கு ஒட்டுகிற ஸ்டிக்கருக்கு என்ன பெயர்? ரேடியம் ஸ்டிக்கர். அதில் ரேடியம் இருக்கிறதா? அணுவளவும் இல்லை. வெளிச்சம் பட்டால் திருப்பி அனுப்புகிற தாள் அது. பின் ஏன் அந்தப் பெயர்? ஒரு காலத்தில் கடிகார முள்ளும் எண்களும் இருட்டில் ஒளிர்வதற்காக உண்மையாகவே ரேடியம் பூசினார்கள். ஒளிர்வதற்கெல்லாம் ரேடியம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்ற ஊரில் இளம்பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். தூரிகை முனை கூராக இருக்க வேண்டும் என்று அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் உள்ளே போயிற்று. தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். அவர்களில் ஐந்து பெண்கள் சாகும் தறுவாயில் வழக்குத் தொடுத்து, 1928இல் இழப்பீடு பெற்றார்கள். நம் தெரு ஸ்டிக்கர் கடையின் பெயருக்குப் பின்னால் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள்.

அடுத்த சொல்லுக்கு வருவோம். ஸ்கேன்.

"டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டார்." எந்த ஸ்கேன்? தெரியாது. ஸ்கேன் என்றால் ஸ்கேன்தான். அன்பர்களே, இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று ஒலி. ஒன்று கதிர். ஒன்று காந்தம்.

கர்ப்பிணிகளுக்கு எடுப்பது ஒலி. நம் காதுக்குக் கேட்காத அளவு வேகமாக அதிரும் ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். 1958இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்டும் அவரது குழுவினரும் இதைப் பற்றி எழுதினார்கள். வௌவால் இருட்டில் வழி கண்டுபிடிக்கிற அதே முறை. இதில் கதிர் கிடையாது. மீயொலி என்ற அருமையான தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் "ஸ்கேன் எடுத்தா புள்ளைக்குக் கதிர் பட்டுடும்" என்று மாமியார் தடுத்து, மருத்துவர் சொன்ன மாதத்தில் வராமல் போன பெண்களை நான் அறிவேன்.

சி.டி. ஸ்கேன் என்பது கதிர். எக்ஸ்ரேதான், உடம்பைச் சுற்றிச் சுற்றி எடுத்துக் கணினியால் கோத்துத் தருவது. 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்தார்கள். உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்ட், கணக்கு வகுத்த கார்மக் இருவருக்கும் 1979இல் நோபல் பரிசு. சி.டி.யில் டி என்பது டோமோகிராபி. அதில் வரும் டோமோ, கிரேக்கத்தில் துண்டு என்று பொருள்படும். வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கினால் ஒவ்வொரு வட்டத்திலும் உள்ளமைப்பு தெரியும் அல்லவா? கத்தியில்லாமல் உடம்பை அப்படி நறுக்கிப் பார்ப்பதுதான் சி.டி. சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் படும் கதிர் 0.1 மில்லி சீவர்ட்டுக்கு (இந்த அளவு என்ன என்று பிறகு சொல்கிறேன்) மேல் போவது அரிது. வயிற்றுக்கு எடுக்கும் சி.டி.யில் ஏறத்தாழ 8. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் நமக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 வருகிறது. ஆக ஒரு வயிற்று சி.டி. என்பது மூன்று ஆண்டு இயற்கைக் கதிர். உயிரைக் காக்க வேண்டிய நேரத்தில் இது பெரிய விலை இல்லை, தயங்காமல் எடுங்கள். தலைவலி வந்ததும் "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க சார்" என்று நீங்களாகக் கேட்டு வாங்கினால், அது வீண்.

எம்.ஆர்.ஐ. என்பது காந்தம். இதன் பெயர்க் கதையை நான் சொல்லியே ஆக வேண்டும். முதலில் இதன் பெயரில் நியூக்ளியர் என்ற சொல் இருந்தது. அந்த நியூக்ளியர் குறித்தது நம் உடம்பின் நீரில் இருக்கிற ஹைட்ரஜன் அணுவின் கருவை. வெளியிலிருந்து கதிரியக்கப் பொருள் எதுவும் வரவில்லை. ஆனால் நியூக்ளியர் என்றதும் மக்கள் அணுகுண்டை நினைத்தார்கள். 1980களில் அந்தச் சொல்லையே பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். நோயாளி பயப்படுகிறார் என்பதற்காக உலகத்து மருத்துவர்களும் அறிவியலாளர்களும் ஒரு சொல்லை மாற்றினார்கள்! சொல்லை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் கதிர் இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பரவலாக இருக்கும் எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் காந்த வலிமை 1.5 டெஸ்லா, பூமியின் காந்தத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும், நள்ளிரவிலும் அந்தக் காந்தம் உயிரோடுதான் இருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனால் அது குண்டு போலப் பறக்கும். "ஸ்கேன் ரூம்தானே" என்று சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வருகிற கடைநிலை ஊழியருக்கு, அது "காந்த அறை" என்று சொல்லியிருந்தால் ஒரு கணம் நின்றிருப்பார்.

முன்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் செவிலியர் பயிற்சி மாணவிகளே, உங்களுக்காக இன்னொன்று. ஒலியால் ஒத்த சொற்கள் செய்கிற குழப்பம். முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். கைமுறிந்த சிறுவனின் தந்தை "ரேடியல் ஃப்ராக்சர்னு எழுதியிருக்கு, ரேடியேஷனால உடைஞ்சதா சார்?" என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. இரண்டும் ஒரே லத்தீன் வேர். ரேடியஸ் என்றால் சக்கரத்தின் ஆரக்கால், நடுவிலிருந்து விரியும் கதிருக்கும் அதுவே பெயர். தமிழில் அந்த எலும்பை ஆர எலும்பு என்கிறோம், குழப்பம் இல்லை. முதுகுவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ரேடிகுலோபதி என்று இருக்கும். அது வேறு வேர். வேர் என்பதே அதன் பொருள்! லத்தீனில் ரேடிக்ஸ் என்றால் வேர். முள்ளங்கியின் ஆங்கிலப் பெயர்கூட அதிலிருந்து வந்ததுதான். நரம்பின் வேரில் அழுத்தம், அவ்வளவே. புற்றுநோய் அறுவையில் ரேடிகல் என்று வந்தால் வேரோடு எடுத்தல். கதிர் ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம். லத்தீனில் ஒலியால் நெருங்கிவிட்ட இரண்டும் தமிழில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. இதை ஏன் நாம் பயன்படுத்திக்கொள்ளவில்லை?

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெக்கரல், கிரே, சீவர்ட். மூன்றும் மனிதர்களின் பெயர்கள். பட்டாசுச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு எத்தனை வெடி வெடிக்கிறது என்பது பெக்கரல். உங்கள் மேல் எவ்வளவு சூடு பட்டது என்பது கிரே. கண்ணில் பட்டதா, காலில் பட்டதா என்பதையும் சேர்த்து எவ்வளவு கேடு என்று மதிப்பிடுவது சீவர்ட். மார்பகப் புற்றுக்கு 50 கிரே வரை கொடுப்பது உண்டு, நாளுக்கு 2 வீதம் 25 நாள், குறிபார்த்து ஓரிடத்தில் மட்டும். உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே அளவு பட்டாலே உயிருக்கு ஆபத்து. எண்ணை மட்டும் கேட்டுப் பயப்படாதீர்கள், எங்கே, எத்தனை நாளில் என்று கேளுங்கள்.

அறிக்கையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. படம் எடுப்பவன் நான், ரேடியோகிராபர். படத்தைப் படிப்பவர் ரேடியாலஜிஸ்ட், அவர் மருத்துவர். கதிரால் புற்றுநோயைக் குணப்படுத்துபவர் இன்னொரு மருத்துவர். மூவரையும் "எக்ஸ்ரே டாக்டர்" என்கிறார்கள். படிப்பவர் எழுதும் அறிக்கை இன்னொரு மருத்துவருக்கான கடிதம். ஆனால் உறையை முதலில் பிரிப்பவர் யார்? நோயாளி. லீஷன் என்ற சொல்லைப் பார்க்கிறார். கைப்பேசியில் தேடுகிறார். புற்றுநோய் என்று வருகிறது. அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. லீஷன் என்றால் இயல்பிலிருந்து மாறிய இடம், அவ்வளவுதான். பழைய தழும்பும் லீஷன், சாதாரணக் கொப்புளமும் லீஷன். ஒப்பேசிட்டி என்றால் நிழல். எக்ஸ்ரே படத்தில் வெள்ளையாகத் தெரிவதுதான் நிழல், ஏனென்றால் கதிர் போய்ச் சேராத இடம் அது. "கிளினிக்கலி கோரிலேட்" என்றால் படத்தை மட்டும் நம்பாதே, ஆளைச் சோதித்துப் பார் என்று ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்குச் சொல்வது. அறிக்கையின் அடியில் நான்கு வரி தமிழில் எழுதிக் கொடுத்தால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியும்!

முடியுமா என்கிறீர்களா? மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை சொல்லப்பட்டது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் இலங்கைக்கு வந்தார். தமிழ் படித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார், பிறகு தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு என்று நூல்களைத் தமிழாக்கினார். சொல் இல்லாத இடத்தில் சொல் உண்டாக்கினார். 1884இல் அவர் காலமானார். ரோன்ட்கனின் திரை மினுங்கியது அதற்குப் பதினோரு ஆண்டு கழித்து. கிறீன் இன்னும் சில காலம் இருந்திருந்தால், எக்ஸ் கதிருக்கு மானிப்பாயிலிருந்து ஒரு பெயர் அன்றே வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஐசோடோப்பு என்ற சொல்லும் இப்படித்தான் பிறந்தது. 1913இல் விஞ்ஞானி ஃபிரெடரிக் சாடிக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர். தனிம அட்டவணையில் ஒரே இடத்தில் இருக்கும் அணு வகைகளுக்கான பெயர் அது; ஒரே இடம் என்பது அதன் கிரேக்கப் பொருள். தமிழில் ஓரிடத்தான் என்று வைத்தார்கள், இலங்கையில் சமதானி என்று வைத்தார்கள். பொருளைப் பிடித்துக்கொண்டால் சொல் தானாக வருகிறது.

வேறு சான்றும் உண்டு. தமிழ்நாட்டில் எந்த ஸ்கேன் நிலையத்துக்கும் போங்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது என்ற பலகை தமிழில் தொங்கும். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் பலகையின் செய்தி தெரியும். அந்தப் பலகையைத் தமிழில் எழுத முடிந்தவர்களால், பக்கத்திலேயே "இது ஒலிக் கருவி, இதில் கதிர் இல்லை" என்று இன்னொன்றை எழுத முடியாதா?

மீண்டும் அந்தப் பெரியம்மாவிடம் வருகிறேன். ஐந்து மாதம் கழித்து வந்தவருக்கு, முதுகெலும்பு வலியைக் குறைக்க மட்டும் கதிர் கொடுக்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். இந்த முறை நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "பெரியம்மா, இது கரண்ட் இல்ல. கதிர். சூரியக் கதிர் இல்லையா, அது மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, சுடாது." அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கதிரா? அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி." கதிர் என்ற சொல்லை அவருக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? ஆயுள் முழுவதும் வயலில் நெற்கதிர் அறுத்தவர் அவர். பயமில்லாமல் உள்ளே போய்ப் படுத்தார். வலி குறைந்தது. எட்டு மாதம் இருந்தார்.

அவருக்குச் சொல்ல வேண்டியதை நான் ஐந்து மாதம் தாமதமாகச் சொன்னேன். உங்களிடம் இன்று கேட்பது இரண்டே இரண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது மருத்துவர் ஸ்கேன் என்று சீட்டு எழுதினால், "இது ஒலியா, காந்தமா, கதிரா?" என்று கேளுங்கள். உங்கள் தெருவில் யாராவது "கரண்ட் வைக்கச் சொல்லியிருக்காங்க" என்று கலங்கி நின்றால், கையைப் பிடித்து, "கரண்ட் இல்லம்மா, கதிர்" என்று சொல்லுங்கள். மாணவிகளே, நீங்கள் நாளை வார்டில் நிற்கப் போகிறவர்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.